ஏழாம் காம்பராவின் கோப்புகள்

கண்டியில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் பதினாறு வருடமாகத் தட்டச்சு செய்கிறவள் நான். சிங்களத்திலும் தமிழிலும் விசைகளைப் பார்க்காமல் அடிப்பேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருப்பதை இல்லை என்று சொல்லிப் பயனில்லை. அதனால் மடிக்கணினியின் திரையில் கறுப்பாக ஒரு பெட்டி திறந்து, அதில் ஒரு வெள்ளைக் கட்டம் மட்டும் கண்ணைச் சிமிட்டியபோது, இதில் என்ன பெரிய வித்தை, நாலு சொல் அடிப்பதுதானே என்று நினைத்தேன்.

அந்த மடிக்கணினி என் கைக்கு வந்ததே மழையால்தான். ஹந்தானைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் மேல் லயத்தில் நாங்கள் இருக்கிறோம். ஒரு வாரம் விடாமல் பெய்த மழையில் கீழே மூன்றாம் லயத்துக்கும் நான்காம் லயத்துக்கும் பின்னாலிருந்த மண்மேடு சரிந்து இறங்கியது. பகல் நேரம் என்பதால் சத்தம் கேட்டதும் எல்லோரும் வெளியே ஓடிவிட்டார்கள். உயிர் ஒன்றும் போகவில்லை. சுவர்கள் போயின, கூரைத் தகரம் போயிற்று. சனங்கள் தோட்டத்துப் பாடசாலையில் வந்து தங்கினார்கள். ஓடுகிற ஓட்டத்திலும் அநேகமாக எல்லோர் கையிலும் ஒரு பை இருந்தது. பிறப்புச் சாட்சிப் பத்திரம், கலியாணப் பத்திரம், அடையாள அட்டை எல்லாம் அந்தப் பையில்தான். ஒரு காலத்தில் பிரஜாவுரிமையே இல்லாதிருந்த எங்கள் சனங்கள் தாலியைவிடக் கவனமாக வைத்திருப்பது அதைத்தான். ஆனால் அந்த மழைக்குப் பை தாங்கவில்லை. தாள்கள் ஊறிப்போய்விட்டன.

அடுத்து வரும் சனிக்கிழமைக்கு மறு சனி, பிரதேச செயலகத்திலிருந்து ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. விழுந்த காம்பராக்களுக்கு, அதாவது லயத்தின் ஓரறை வீடுகளுக்கு, பதிலாக வேறிடத்தில் தனி வீடு கட்டித் தரப் போகிறார்களாம். அதற்குப் பெயர் பதிய வேண்டும். காம்பரா ஒன்றுக்கு வீடு ஒன்று. ஒரே காம்பராவில் இரண்டு குடும்பம் இருந்தால், இரண்டாவது குடும்பம் தன் பத்திரங்களைக் காட்டித் தனியாகப் பதிந்துகொள்ளலாம். தாள் இல்லையென்றாலும் அதன் படம் போதும். பதிவு இலக்கம் தெரிந்தால் சரி. இலக்கமும் இல்லையென்றால் பழைய பதிவேடுகளில் தேட வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் பட்டியல் மூடிவிடும்.

ஆகவே நான் கைப்பேசியை எடுத்துக்கொண்டு பாடசாலைக்குப் போய், ஈரத் தாள்களை ஒவ்வொன்றாக மேசையில் விரித்துப் படம் பிடித்தேன். இருநூற்றுப் பதின்மூன்று படங்கள். ஒரு பயிற்சிக் கொப்பியில் எண்ணிக்கையையும், எந்தப் படம் யாருடையது என்பதையும் எழுதி வைத்தேன். இனி அவற்றை வீடு வீடாகப் பிரித்து அடுக்க வேண்டும்.

எங்கள் கந்தோருக்கு மேல்மாடியில் ஒரு சின்னக் கணினிக் கம்பனி இருக்கிறது. அங்கே வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பெண்ணும் நானும் மத்தியானம் ஒரே கடையில்தான் சோற்றுப் பார்சல் வாங்குவோம். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். விஷயத்தைச் சொன்னதும், அலுமாரியில் சும்மா கிடந்த பழைய மடிக்கணினி ஒன்றைத் தூசு தட்டி எடுத்துவந்தாள். புதிய மென்பொருள் எதையும் அதனால் இழுக்க முடியாது என்றும், சுட்டியால் தொட்டு வேலை செய்யப் போனால் கிழவன் மேடேறுகிற மாதிரி மூச்சு வாங்கும் என்றும், கறுப்புப் பெட்டியில் யுனிக்ஸ் கட்டளைகளை அடித்தால் மட்டும் ஓடும் என்றும் சொன்னாள்.

"அக்கா, முதல்ல நீங்கள் எங்க நிக்கிறீங்கள் எண்டு அதிட்டக் கேளுங்கோ."

pwd என்று அடித்தேன். நான் நிற்கும் இடத்தைச் சொன்னது. ls என்று அடித்தேன். அங்கே என்னென்ன இருக்கிறது என்று காட்டியது. mkdir அடித்து ஒரு புதுக் கோப்புறை செய்தேன். அதற்கு ஒரு பதிலும் வரவில்லை.

"என்ன தங்கச்சி, ஒன்னும் சொல்ல மாட்டேங்குது?"

"ஒண்டும் சொல்லாட்டிச் சரி எண்டு அர்த்தம், அக்கா. பிழையெண்டால்தான் வாய் திறக்கும்."

"எங்க ஐயாவும் இப்படி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றேன். எங்கள் சட்டத்தரணி ஐயா சரியாக அடித்தாலும் ஏசுவார், பிழையாக அடித்தாலும் ஏசுவார். அவள் சோற்றுக் கையோடு சிரித்தாள்.

உண்மைப் படங்களில் கை வைக்கும் முன் பொய்க் கோப்புகளில் பழக வேண்டும் என்பது அவள் கட்டளை. 'பழகல்' என்று ஒரு கோப்புறை செய்து, அதற்குள் கரட், லீக்ஸ், போஞ்சி என்று காய்கறிப் பெயர்களில் வெறுமையான கோப்புகளை உண்டாக்கினேன். சட்டி என்று இன்னொரு கோப்புறை. mv அடித்துப் போஞ்சியைச் சட்டிக்குள் போட்டேன். cp அடித்துக் கரட்டுக்கு ஒரு நகல் எடுத்தேன். அதே mv-யால் லீக்ஸின் பெயரை வெங்காயம் என்று மாற்றினேன். rm அடித்து வெங்காயத்தை அழித்தேன். அழித்த பிறகு, அதைத் திரும்ப எடுக்கிற குப்பைக்கூடை எங்கே என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. போனது போனதுதான்."

மூன்று நாள் மத்தியானச் சோறு இப்படித்தான் போனது. பேருந்தில் போகும்போதும் கட்டளைகளை மனதுக்குள் அடித்துக்கொண்டு போவேன். நாற்பத்தொரு வயதில் ஒரு புதுப் பாஷை வாய்க்குள் நுழைவது எனக்கே வேடிக்கையாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. நாலாம் நாள், உண்மைப் படங்களைத் தொடலாம் என்றாள். "ஆனால் ஒண்டு. அசலைத் தொடாதேங்கோ. எப்பவும் cp அடிச்சு நகலை எடுத்து, அந்த நகலிலதான் வேலை" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

அங்கேதான் என் குணம் வேலை செய்தது. நகல் எடுக்காமல் விட்டேன். அந்தப் பழைய கணினியில் இடம் குறைவு என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. ஒரே வேலையை இரண்டு தரம் செய்ய எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். படங்களைக் கணினிக்கு மாற்றியதும் கைப்பேசியிலிருந்தும் அழித்தேன். அழித்தவை கிடக்கும் தொட்டியையும் காலி செய்தேன். அவ்வளவு சுத்தக்காரி.

பாடசாலையில் இரண்டாம் வகுப்புக் கதிரை ஒன்றில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து, இரண்டு மாலையில் வேலையை முடித்தேன். லயத்துக்கு ஒரு கோப்புறை. அதற்குள் காம்பராவுக்கு ஒரு கோப்புறை. அதற்குள் 'பிறப்பு-அப்பா', 'பிறப்பு-அம்மா', 'பிறப்பு-மூத்தபிள்ளை', 'கலியாணம்' என்று பெயர் வைத்துப் படங்களை mv அடித்து நகர்த்தினேன். மேல்நோக்கிய அம்பு விசையைத் தட்டினால் போன கட்டளை திரும்ப வரும். இலக்கத்தை மட்டும் மாற்றி அடுத்ததை அடிக்கலாம். விரல் பறந்தது. ஒவ்வொரு தரமும் கணினி வாயே திறக்கவில்லை. அதாவது எல்லாம் சரி.

கடைசியில் எண்ணிப் பார்க்க ஒரு கட்டளை அடித்தேன். நூற்றுமுப்பத்துநான்கு என்றது.

கொப்பியைப் பார்த்தேன். இருநூற்றுப் பதின்மூன்று. திரும்ப அடித்தேன். நூற்றுமுப்பத்துநான்குதான். நான் எங்கே நிற்கிறேன் என்று pwd அடித்துக் கேட்டேன். நின்ற இடமும் சரியாகத்தான் இருந்தது. எழுபத்தொன்பது படங்களைக் காணவில்லை.

பாடசாலை முற்றத்துக்கு வந்து, மேல்மாடிப் பெண்ணைக் கைப்பேசியில் அழைத்தேன்.

"அக்கா, நகர்த்தினனீங்களோ, நகல் எடுத்தனீங்களோ?"

"நகத்திட்டேன்" என்றேன்.

"சரி, பயப்பிடாதேங்கோ. அங்க முதலே அதே பேரில ஒண்டு இருந்தால் mv அதுக்கு மேலயே போட்டிடும். பழசு போயிடும். கேக்காது. -i எண்டு சேர்த்து அடிச்சால்தான் கேக்கும். ஒரே கோப்புறைக்குள்ள ஒரே பேர் ரெண்டு தரம் வந்ததோ?"

"அது எப்படி வரும்? ஒரு காம்பராவுக்கு ஒரு அம்மாதான..."

சொல்லி முடிக்கவில்லை.

நான் அந்த லயங்களில் ஒன்றில் பிறந்தவள். எங்கள் காம்பராவில் என் அப்பா, அம்மா, ஆறு பிள்ளைகள், சித்தப்பா, சித்தி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள். நடுவில் ஒரு சேலைத் திரை. ஒரு காம்பராவில் எத்தனை அம்மா என்று உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். ஆனால் பிறந்ததிலிருந்து கடிதம், வாக்காளர் பட்டியல், அரிசிப் பட்டியல் எல்லாமே லயத்து இலக்கமும் காம்பரா இலக்கமும் போட்டுத்தான் வரும். கையும் அப்படியே பழகிவிட்டது. எண்ணுகிறவர்கள் எப்போதும் எங்களை எப்படி எண்ணினார்களோ, நானும் அப்படியே எண்ணியிருக்கிறேன். எனக்கு என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

கொப்பியை வைத்துச் சரிபார்த்ததில் அழிந்தவை எல்லாம் எவை என்று தெரிந்தது. எழுபத்தெட்டுத் தாள்கள் நன்றாகக் காய்ந்திருந்தன. அவற்றைத் திரும்பப் படம் பிடித்துவிட்டேன். எஞ்சிய ஒன்று, மூன்றாம் லயம் ஏழாம் காம்பராவின் இரண்டாவது அம்மாவுடையது. அவளும் புருஷனும் இரண்டு பிள்ளைகளும், புருஷனின் அண்ணன் குடும்பத்தோடு அந்த ஒரே காம்பராவில் இருந்தவர்கள். அண்ணன் மனைவியை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய தாளின் மேல்பகுதி காய்வதற்குள் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இழுத்தபோது கூழாக வந்தது. பதிவு இலக்கம் இருந்தது அந்த மேல்பகுதியில்தான். மேல்மாடித் தங்கச்சி மறுநாள் வேலையை விட்டுவிட்டு வந்து ஏதேதோ செய்து தேடிப் பார்த்தாள். "கிடைக்கேல்லை அக்கா" என்று அவள் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இதில் இன்னொரு சங்கடம். அந்த ஏழாம் காம்பராக்காரியும் நானும் பேசி நான்கு வருடம். மூன்றாம் வகுப்புவரை ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தோம். பிறகு அவள் தம்பிமாரைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நின்றாள், வளர்ந்ததும் கொழுந்தெடுக்கப் போனாள். நான் கண்டிக்குப் போனேன். மேல் லயத்துக்கும் மூன்றாம் லயத்துக்கும் தண்ணீர்ப் பீலி ஒன்றுதான். மழையில்லாத ஒரு காலத்தில், காம்பராவுக்கு நாலு வாளி என்று முறை வைத்திருந்தோம். அவள் தன் குடும்பத்துக்குத் தனியாக நாலு கேட்டாள். "ஒங்க காம்பராவுக்குத்தான் ஒங்க அக்கா புடிச்சிட்டாளே" என்று நான்தான் எல்லார் முன்னாலும் சொன்னேன். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனவள்தான்.

இப்போது நான் போய்ச் சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்றும் யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன். உண்மையாகவே யோசித்தேன். தாள் கிழிந்தது அவள் பையால். படம் எடுத்ததை அவள் பார்த்தாளே தவிர, அது எங்கே போனது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சனிக்கிழமை வந்து, "படம் சரியா விழல" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவள் நம்புவாள். அவள் குடும்பம் இன்னும் எத்தனையோ வருடம் அண்ணன் குடும்பத்தோடு ஒரே கூரையின் கீழ் கிடக்கும். அந்த நினைப்போடு பேருந்திலிருந்து இறங்கியவள், மேல் லயத்துக்கு ஏறாமல் நேரே பாடசாலைக்கே நடந்தேன்.

அவள் பாடசாலைச் சமையல் கொட்டகையில் முட்டைக்கோவா நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் போய் முன்னால் நின்றதும் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டாள்.

"ஒங்கிட்ட ஒன்னு சொல்லணும்."

"சொல்லு. காது திறந்துதான இருக்கு."

"ஒன் பொறப்புச் சாட்சிப் பத்திரத்தோட படத்த நான் அழிச்சிட்டேன். வேணும்னு செய்யல. ஒங்க அக்காவோடதும் ஒன்னோடதும் ஒரே பேர்ல வச்சிட்டேன். ஒன்னோடது மேல அவளோடது விழுந்துருச்சி. காம்பரா ஒன்னுதானன்னு..." கோவாத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அன்னைக்குப் பீலியில சொன்ன அதே புத்திதான். ரெண்டுக்கும் என்னைய மன்னிச்சிரு."

கத்தி நின்றது. அவள் ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசினால் நல்லது என்றும் இருந்தது.

"படந்தான போச்சி?" என்றாள்.

"தாளும் கிழிஞ்சிருச்சே. நம்பர் அதுலதான இருந்திச்சி. நம்பர் இல்லாம..."

"நம்பர் என்கிட்ட இருக்கு."

"எங்க? எழுதி வச்சிருக்கியா?"

"எழுதத் தெரிஞ்சாத்தான எழுதுறதுக்கு." அவள் கோவாவைத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணை மூடாமல், என்னையே பார்த்தபடி, கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிலோ சொல்வதுபோல ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். பிறகு பதிந்த திகதியையும் சொன்னாள். "அந்தத் தாள எடுக்க நானும் எம் புருஷனும் எத்தன கந்தோருக்கு அலைஞ்சோம் தெரியுமா? எங்க போனாலும் நம்பர் என்னான்னுதான் கேப்பாங்க. தாள நீட்டுனா, அழுக்கா இருக்கு, மடிச்சிருக்குன்னு மூஞ்சச் சுளிப்பாங்க. அதான் வாயிலயே வச்சிக்கிட்டேன். காலையில மலைக்கு ஏறயில ஒரு தரம் சொல்லிப் பாத்துக்குவேன்."

நான் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணீர் வந்தது. அவள் அதைப் பார்க்காதவள்போல, "வெங்காயம் இன்னும் நறுக்கவே இல்லியே, அதுக்குள்ள என்ன" என்றாள்.

அன்றைக்கே எல்லாவற்றையும் உடைத்து மறுபடி அடுக்கினேன். இந்தத் தரம் முதலில் முழுவதற்கும் நகல். காம்பரா இலக்கத்தையே விட்டுவிட்டு, குடும்பத்துக்கு ஒரு கோப்புறை, அந்தக் குடும்பத்துப் பெண்ணின் பெயரில். ஒவ்வொரு mv-க்கும் -i. இருபது காம்பராவுக்கு முப்பத்துமூன்று கோப்புறைகள் வந்தன. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் குந்தினாள். பள்ளியில் படித்ததில் தன் பெயரை வாசிப்பது மட்டும்தான் அவளுக்கு மறக்காமல் இருந்தது.

"கொம்பு தள்ளி நிக்கிதே" என்றாள் திரையில் தன் பெயரின் எழுத்தைப் பார்த்து. அந்தக் கறுப்புப் பெட்டிக்குத் தமிழ் எழுத்து அவ்வளவாகப் பிடிபடாது.

"அது அப்படித்தான் காட்டும். உள்ள சரியா இருக்கு."

"இது எனக்கு மட்டுமா? அக்காவோடது இதுக்குள்ள வராதா?"

"வராது. அவளுக்குத் தனியா இருக்கு, பாரு."

அவள் சொல்லச் சொல்ல இலக்கத்தை அடித்து ஒரு கோப்பாகச் சேமித்தேன். அடித்ததைத் திரையில் திரும்ப எழுதச் செய்து நான் வாசித்தேன், அவள் தலையாட்டினாள். மேல்மாடித் தங்கச்சி தொலைபேசியில் சொன்னபடி, அதன் மேல் யாரும் எழுத முடியாதபடி பூட்டியும் விட்டேன்.

சனிக்கிழமை உத்தியோகத்தர் ஒருவர் வந்தார், சிங்களவர், சாந்தமான மனிதர். நான் அச்சடித்துக் கொடுத்த பட்டியலைப் பார்த்துவிட்டு, தன் படிவத்தில் இருபது வரிதானே இருக்கிறது என்றார். "காம்பராக்கள் இருபது, மாத்தயா. குடும்பங்கள் முப்பத்துமூன்று" என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் பட்டியலைத் திரும்பப் பார்த்தார். பிறகு பையிலிருந்து இன்னொரு படிவம் எடுத்து முதல் படிவத்தோடு சேர்த்துக் குத்தினார்.

அவளுடைய முறை வந்தபோது, அவர் இலக்கத்தைத் தன் கணினியில் அடித்துவிட்டுச் சற்று நேரம் பார்த்திருந்தார். பிறகு அவள் பெயரையும் அவளுடைய அப்பாவின் பெயரையும் உரக்க வாசித்து, சரியா என்று கேட்டார். அவள் சரி என்றாள். ஒரு இலக்கம்கூடப் பிசகவில்லை. தனி வரியில் அவள் குடும்பத்தை எழுதிக்கொண்டார். வீடு எப்போது எழும்பும் என்று கேட்டேன். அது மேலிடத்துக்குத்தான் தெரியும் என்றார். ஆனால் பட்டியலில் அவர்கள் ஏறிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அவள் வராந்தாச் சுவரில் சாய்ந்து பெரிதாக ஒரு மூச்சு விட்டாள்.

"அப்ப அந்த நம்பர நான் இனிமே மறந்தாலும் பரவாயில்லல்ல?"

"மறந்துகிறந்து வச்சிராதடி. நான் இன்னும் பழகிக்கிட்டுதான் இருக்கேன்."

நான்கு வருடத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே, முதல் இலக்கத்திலிருந்து மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். இந்தத் தரம் என்னையும் கூடவே சொல்லச் சொன்னாள்.